லென்ஸ் வாங்கலாமா? முதலில் நம் படங்களைக் கேட்போம்



கடந்த தீபாவளிக்கு முன் எங்கள் பொந்தியான் கிளையில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை காடி கழுவினோம், முறுக்கு விற்றோம். செலவெல்லாம் போக 2,600 வெள்ளி சேர்ந்தது. அடுத்த செயலவைக் கூட்டத்தில் நான்தான் முதலில் கை தூக்கினேன்.

"கேமராவுக்கு ஒரு நல்ல லென்ஸ் வாங்கலாம். நம்ம நிகழ்ச்சிப் படமெல்லாம் மங்கலா வருது."

"எவ்வளவு?" என்றார் பொருளாளர் அக்கா.

"புதுசுன்னா ரெண்டாயிரத்துச் சொச்சம்."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அக்கா சொன்னார்: "தம்பி, அந்தக் காசுல படிவம் 5 பிள்ளைங்களுக்குக் கூடுதல் கணித வகுப்பு நடத்தலாம்னு பேசி வெச்சிருந்தோம்லா. படம் மங்கலா வர்றதுக்கு லென்ஸ்தான் காரணம்னு உனக்கு எப்படித் தெரியும்? என்ஜினியரிங் படிக்கிறவன்தானே, கணக்குப் போட்டுக் காட்டு."

ஒரு மாதம் அவகாசம் கொடுத்தார்கள். அந்த ஒரு மாதத்தில் நான் கற்றுக்கொண்டதுதான் இந்தப் பாடம். கேமராவே வைத்திராத கிளைக்கும் இது உதவும் என்று நினைக்கிறேன். ஒலிபெருக்கி வாங்கினாலும் மடிக்கணினி வாங்கினாலும் கேட்க வேண்டிய கேள்விகள் இவையேதான்.

வேகமான லென்ஸ் என்றால் என்ன?

லென்ஸுக்குள் ஒளி நுழைய ஒரு துளை இருக்கிறது. லென்ஸின் குவியத் தூரத்தை அந்தத் துளையின் விட்டத்தால் வகுத்தால் வருவதுதான் எஃப் எண். எண் சிறிதானால் துளை பெரிது, உள்ளே வரும் ஒளி அதிகம்.

எங்கள் கிளையில் இருப்பது ஒரு மூத்த உறுப்பினர் அன்பளிப்பாகக் கொடுத்த சோனி ஏ6000. 2014-இல் வந்த கேமரா. அதோடு வந்த சின்ன லென்ஸ் 16-50 மி.மீ., எஃப் 3.5-5.6. அதாவது 16-இல் துளை எஃப் 3.5 வரை திறக்கும். ஜூம் செய்யச் செய்ய அந்த அளவு குறைந்துகொண்டே போய் 50-இல் எஃப் 5.6 ஆகிவிடும். நான் கேட்ட லென்ஸோ எந்த ஜூமிலும் எஃப் 2.8.

50 மி.மீ.யில் கணக்குப் போடுவோம். 50-ஐ 5.6-ஆல் வகுத்தால் துளை விட்டம் 8.9 மி.மீ. 2.8-ஆல் வகுத்தால் 17.9 மி.மீ. விட்டம் இரண்டு மடங்கு, பரப்பு நான்கு மடங்கு. ஆகவே ஒளியும் நான்கு மடங்கு. 1/60 நொடியில் எடுத்த படத்தை ஏறக்குறைய 1/250 நொடியில் எடுக்கலாம். வேகத்தை மாற்றாவிட்டால் ஐஎஸ்ஓ-வை 6400-இலிருந்து 1600-க்கு இறக்கலாம். ஷட்டர் வேகமாக ஓட முடிவதால்தான் இதற்கு வேகமான லென்ஸ் என்று பெயர்.

இதனால் என்ன பயன்? தீபாராதனை நேரத்தில் ஃபிளாஷ் அடிக்கக் கூடாது. அடித்தால் கும்பிட்டுக்கொண்டிருப்பவர் கண்ணைச் சுருக்குவார், விளக்கின் மஞ்சள் நிறமும் செத்துப்போகும். அப்போது கையில் இருப்பது விளக்கொளி மட்டும்தான்.

வெளி நிறுவனம் என்றால் மட்டமா?

கேமராவைச் செய்த நிறுவனம் அல்லாமல் வேறொரு நிறுவனம் அந்தக் கேமராவுக்கென்று செய்வதுதான் வெளி நிறுவன லென்ஸ். "ஒரிஜினல் இல்லையா, அப்ப டூப்ளிகேட்டா?" என்று கூட்டத்தில் ஒரு தம்பி கேட்டான். அப்படி இல்லை.

இதில் பெரிய பெயர்கள் இரண்டு, இரண்டும் ஜப்பானியப் பெயர்கள். டாம்ரான் 1950-இல் தொடங்கியது. சிக்மா 1961-இல் தொடங்கியது, அதன் தொழிற்சாலை புக்குஷிமா மாநிலத்தின் அய்சுவில் இருக்கிறது. பல பத்தாண்டுகளாக லென்ஸ் செய்கிறவர்கள்.

ஆனால் "எந்தக் கேமராவுக்கு?" என்ற கேள்வி முக்கியம். சோனி தன் இ-மவுண்ட் இணைப்பின் அடிப்படைத் தொழில்நுட்ப விவரங்களை 2011-இல் மற்ற நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டது. அதனால் எங்கள் கேமராவுக்குத் தேர்வு அதிகம். கேனனின் புதிய ஆர்எஃப் இணைப்பில், சின்ன சென்சார் கேமராக்களுக்கு சிக்மாவும் டாம்ரானும் ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களை அறிவித்தது 2024-இல்தான். சோனியிலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. மிக வேகமான கேமராக்களில் வெளி நிறுவன லென்ஸ் மாட்டினால் தொடர்ந்து எடுக்கும் வேகம் நொடிக்கு 15 படத்தோடு நின்றுவிடும். எங்கள் ஏ6000-இன் உச்சமே 11 என்பதால் எங்களுக்கு அது ஒரு குறையில்லை.

உங்கள் கிளையில் பழைய நிக்கான் இருந்தால் ஒரு எச்சரிக்கை. 2006-இல் வந்த டாம்ரான் 17-50 எஃப் 2.8 செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அதன் முதல் நிக்கான் பதிப்பில் மோட்டார் இல்லை. உடலில் மோட்டார் இல்லாத சிறிய நிக்கான்களில் மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும்.

தள்ளிப்போட்ட படங்களை எண்ணினேன்

இதுதான் பாடத்தின் நடுப்பகுதி. விமர்சனம் படிப்பதற்கு முன் நம் படங்களைப் படிக்க வேண்டும்.

பிள்ளைகளின் நடன நிகழ்ச்சி, இரவு ரத ஊர்வலம் என்று இரண்டு நிகழ்ச்சிகளில் நான் வேண்டாம் என்று ஒதுக்கிய படங்களிலிருந்து 150 எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு படத்திலும் ஷட்டர் வேகம், எஃப் எண், ஐஎஸ்ஓ, ஜூம் அளவு எல்லாம் பதிவாகியிருக்கும். கணினியில் படத்தைத் திறந்து அதன் விவரங்களைப் பார்த்தால் போதும். விடுதி அறையில் உட்கார்ந்து இரண்டு இரவில் ஒரு அட்டவணை போட்டேன்.

ஆள் அசைந்ததால் கெட்டவை 64.
ஃபோகஸ் வேறெங்கோ போனவை 31.
என் கை ஆடியவை 22.
இருட்டு, புள்ளி புள்ளியாக வந்தவை 15.
கண் மூடியது, தலை வெட்டுப்பட்டது போன்றவை 18.

கடைசி 18-க்கு எந்த லென்ஸும் மருந்தில்லை. ஃபோகஸ் தவறிய 31-இல் பெரும்பாலானவற்றில் நான் ஃபோகஸ் புள்ளியைக் கேமராவின் விருப்பத்துக்கே விட்டிருந்தேன். அது முன்னால் நின்ற குத்துவிளக்கைப் பிடித்துக்கொண்டது. கை ஆடியவற்றில் பாதி, ஒரு தூணில் சாய்ந்து எடுத்திருந்தாலே தப்பித்திருக்கும்.

மிச்சம் அந்த 64. அதைப் பார்த்தபோதுதான் வெட்கமாகிப் போனது. ஐஎஸ்ஓ 3200-க்கு மேல் போகக் கூடாது என்று நானே வரம்பு கட்டி வைத்திருந்தேன். அந்த வரம்பை 6400-க்கு ஏற்றியிருந்தால் ஷட்டர் வேகம் இரட்டித்திருக்கும். மெதுவாக அசைந்த 26 படங்கள் காசில்லாமலே பிழைத்திருக்கும். மீதி 38 படமும் இருட்டான 15 படமும் சேர்த்து 53. இவற்றுக்குத்தான் உண்மையிலேயே அதிக ஒளி தேவைப்பட்டது.

150-இல் 53. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. "லென்ஸ்தான் காரணம்" என்று கூட்டத்தில் நான் அடித்துப் பேசியதில் மூன்றில் இரண்டு பங்கு என் தவறு.

அடுத்த நிகழ்ச்சிக்குப் பழைய லென்ஸோடேயே போனேன். எஸ் மோட், 1/200, ஐஎஸ்ஓ வரம்பு 6400, ஃபோகஸ் புள்ளி என் கையில். படங்கள் கண்ணுக்குத் தெரிகிற அளவு தேறின. ஆனால் மேடை விளக்கைக் குறைத்தபோது பழைய சிக்கல் திரும்பி வந்தது. அமைப்பை மாற்றி எவ்வளவு தூரம் போகலாம், எந்த இடத்தில் லென்ஸ் தேவைப்படுகிறது என்பது அன்றுதான் தெளிவானது.

எது வாங்குவது?

எங்கள் கேமராவுக்கு எஃப் 2.8 ஜூம் என்று பார்த்தால் மூன்று நின்றன. கடைக்குக் கடை விலை மாறும் என்பதால், ஒப்பிட வசதியாக அமெரிக்காவில் அறிமுகமானபோது இருந்த விலையைச் சொல்கிறேன்.

சோனியின் சொந்த 16-55, 2019-இல் வந்தது. எடை 494 கிராம், விலை 1,400 டாலர் அளவில். டாம்ரான் 17-70, 2021-இல் வந்தது. 525 கிராம், 799 டாலர், கை ஆட்டத்தைக் குறைக்கும் வசதியும் உண்டு. சிக்மா 18-50-உம் 2021-இல் வந்தது. 290 கிராம், 549 டாலர், அந்த வசதி இல்லை.

சோனியினுடையது எங்கள் பணப்பைக்கு எட்டாது. மற்ற இரண்டில் எது?

"ஆட்டம் தடுக்கிறது இருந்தா எடு தம்பி, மங்கலா வராது" என்று ஒரு அண்ணன் சொன்னார். பலரும் நம்புவது இது. அந்த வசதி நம் கையின் ஆட்டத்தைத்தான் தடுக்கும், ஆடுகிற பிள்ளையின் கையைத் தடுக்காது. நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஒரு கை வீசப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1/60 நொடியில் அந்தக் கை 3.3 செ.மீ. நகர்ந்துவிடும். 1/250-இல் 8 மி.மீ.தான். இதைச் சரிசெய்ய ஷட்டர் வேகத்தால் மட்டுமே முடியும். என் அட்டவணையில் பெரிய எண் ஆள் அசைந்தது, கை ஆடியது அல்ல. ஆகவே எங்கள் தேவைக்கு இரண்டு லென்ஸும் சமம்தான்.

எடையில் சமமில்லை. ஏ6000-இன் எடை பேட்டரியோடு 344 கிராம். டாம்ரான் மாட்டினால் கேமராவைவிட லென்ஸ் கனமாகிவிடும். ரதத்தோடு நாலு மணி நேரம் நடந்து பார்த்தவருக்கு இது புரியும்.

ஆனால் காணொளிதான் உங்கள் முக்கிய வேலை என்றால் என் முடிவைப் பின்பற்ற வேண்டாம். ஏ6000-இன் உடலிலும் ஆட்டம் தடுக்கும் வசதி இல்லை. சிக்மாவோடு கையில் பிடித்துக் காணொளி எடுத்தால் ஆடும். முக்காலி வேண்டும், இல்லையென்றால் டாம்ரான்தான் சரி.

எஃப் 2.8 எதைச் செய்யாது?

நன்மையை மட்டும் சொல்வது விற்பனையாளர் வேலை. செயலவைக்கு நான் கொடுத்த தாளில் இவற்றையும் எழுதினேன்.

ஒன்று, அகலம். பழைய லென்ஸ் 16-இல் தொடங்கும், சிக்மா 18-இல். இரண்டு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். மூன்று மீட்டர் தூரத்தில் நின்றால் 16-இல் 4.4 மீட்டர் அகலம் தெரியும், 18-இல் 3.9 மீட்டர்தான். சிறிய மண்டபத்தில் அந்த அரை மீட்டரில் ஒரு ஆள் நிற்பார். அதனால் பழைய லென்ஸையும் பையில் வைத்திருக்க வேண்டும்.

இரண்டு, ஆழம். 50 மி.மீ.யில், மூன்று மீட்டர் தூரத்தில், எஃப் 2.8-இல் ஏறக்குறைய 40 செ.மீ. ஆழத்துக்குத்தான் தெளிவு இருக்கும். மூன்று வரிசையில் நிற்கும் குழுப்படத்தை அப்படி எடுத்தால் நடு வரிசை மட்டும் தெளிவாக வரும். அதற்கு எஃப் 5.6, எஃப் 8 என்று சுருக்கத்தான் வேண்டும். அங்கே பழைய லென்ஸே போதும்.

மூன்று, விளக்கு. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 முறை மின்னி மின்னி எரியும். அங்கே 1/250 வைத்தால் படத்தில் இருண்ட பட்டைகள் விழலாம். 1/100-க்கு இறக்கினால் சரியாகும், ஆனால் வேகம் போய்விடும். அந்த மண்டபத்தில் நல்ல விளக்கு போடுவதுதான் லென்ஸைவிட நல்ல முதலீடு.

கடற்கரையில் ஒரு பரீட்சை

ஜோகூர் பாருவில் ஒரு கடையில் சிக்மாவை இரண்டு நாள் வாடகைக்கு எடுத்தேன், என் சொந்தக் காசில். அதே மண்டபம், அதே மேடை விளக்கு, பிள்ளைகளின் ஒத்திகை. இரண்டு லென்ஸையும் மாற்றி மாற்றிப் பிடித்தேன். 50-இல் பழைய லென்ஸ் ஐஎஸ்ஓ 6400 கேட்ட இடத்தில் இது 1600 கேட்டது. கணக்கு சொன்னதும் படம் காட்டியதும் ஒன்றாக இருந்தன.

அதன் பிறகுதான் செகண்ட் ஹேண்ட் தேடினேன். முதலில் பார்த்த லென்ஸ் வெளியே புதுசு மாதிரி பளபளத்தது. விற்றவரிடம் கேட்டுக்கொண்டு பொந்தியான் கெச்சில் கடற்கரைக்கு எடுத்துப் போனேன். காலையில் போனால் சூரியன் நமக்குப் பின்னால் இருக்கும், எதிரே புலாவ் பீசாங் தீவு தெளிவாகத் தெரியும். கேமராவை முக்காலியில் வைத்து, எஃப் 2.8-இல் தீவை நடுவில் வைத்து ஃபோகஸ் செய்து, அதைக் கையால் பூட்டினேன். பிறகு கேமராவை மட்டும் திருப்பி, தீவு படத்தின் இடது ஓரத்தில் வரும்படி ஒன்று, வலது ஓரத்தில் வரும்படி ஒன்று எடுத்தேன்.

ஓரத்தில் கொஞ்சம் தெளிவு குறைவது இயல்பு. ஆனால் இரண்டு ஓரத்திலும் ஒரே அளவு குறைய வேண்டும். இதில் வலப்பக்கம் மரங்கள் தனித்தனியாகத் தெரிந்தன, இடப்பக்கம் பச்சைக் களிம்பு மாதிரி இருந்தது. உள்ளே ஒரு கண்ணாடி நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். எப்போதோ கீழே விழுந்திருக்கலாம். மன்னிப்புக் கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இரண்டாவது லென்ஸ் இந்தச் சோதனையில் தேறியது. அதோடு கைப்பேசி விளக்கை ஒரு பக்கமிருந்து உள்ளே அடித்து, சிலந்தி வலை மாதிரி பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்தேன். ஈரக்காற்று அடிக்கும் நம் ஊரில் இது கட்டாயம். வாங்கிய பிறகும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடுதான் வைக்க வேண்டும். பையிலேயே போட்டு மறந்தால் பூஞ்சை பிடித்துவிடும். விலை 1,500 வெள்ளி.

அக்கா கேட்ட கடைசிக் கேள்வி

தாளை எல்லாரும் படித்தார்கள். அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எல்லாம் சரி தம்பி. இந்த லென்ஸ் வந்தா யாருக்கு லாபம்? நமக்கா, உனக்கா?"

நான் வார இறுதியில் கல்யாணம், பிறந்தநாள் என்று படம் எடுத்துக் கைச்செலவுக்குச் சம்பாதிக்கிறேன். அது எல்லாருக்கும் தெரியும், ஆனால் அந்தக் கூட்டத்தில் நான் அதைச் சொல்லவில்லை. நிகழ்ச்சிகளுக்கு வேண்டும் என்று பேசினேனே தவிர, மனதுக்குள் அடுத்த மாதக் கல்யாணமும் இருந்தது. என் அட்டவணையில் எல்லா எண்ணும் இருந்தது, இந்த ஒன்று மட்டும் இல்லை.

"ரெண்டு பேருக்கும்தான் அக்கா" என்றேன். சொன்ன பிறகு மனம் லேசானது.

பாதிப் பாதி என்று முடிவானது. 750 வெள்ளி நான், 750 வெள்ளி கிளை. கிளை நிகழ்ச்சிக்கே முதல் உரிமை. யார் எப்போது எடுத்துப்போனார்கள் என்று ஒரு நோட்டுப் புத்தகம். பழுதானால் அப்போது யார் கையில் இருந்ததோ அவர் பொறுப்பு. நான் ஊரை விட்டுப் போனால் என் பாதியைக் கிளை அன்றைய விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். மிச்சம் 1,850 வெள்ளி கூடுதல் கணித வகுப்புக்குப் போனது. சனிக்கிழமை காலை வகுப்பு, நானும் ஒரு பாடம் நடத்துகிறேன்.

இந்த ஆண்டு ரத ஊர்வலத்தில் நாதஸ்வரக்காரரின் விரல்களை எடுத்தேன். எஃப் 2.8, 1/200. ஒவ்வொரு விரலும் தெரிந்தது. படத்தை அக்காவுக்கு அனுப்பினேன். "நல்லாருக்கு. வகுப்புக்கு வந்த பிள்ளைங்க படம் எங்கே?" என்று பதில் வந்தது.

உங்கள் கிளைக்குப் பயிற்சி

1. நீங்கள் வாங்க நினைக்கும் பொருள் எந்தக் குறையைத் தீர்க்கும்? ஒரே வரியில் எழுதுங்கள்.
2. அந்தக் குறை எத்தனை முறை வந்தது? நினைவை நம்பாமல் எண்ணிப் பாருங்கள்.
3. காசில்லாமல் அதில் எவ்வளவு தீரும்? முதலில் அதைச் செய்து பாருங்கள்.
4. வாடகைக்கோ இரவலாகவோ கிடைக்குமா? வாங்கும் முன் ஒரு நிகழ்ச்சியில் பயன்படுத்திப் பாருங்கள்.
5. அது செய்யாத மூன்று காரியங்களைச் சொல்லுங்கள். சொல்லத் தெரியாவிட்டால் இன்னும் விசாரிக்க வேண்டும்.
6. அதே பணத்தில் வேறென்ன செய்யலாம்? அதைக் கேட்க வேண்டியவர் கூட்டத்தில் இருக்கிறாரா?
7. இதில் எனக்குத் தனியாக என்ன கிடைக்கிறது? பரிந்துரைக்கிறவர் இந்தப் பதிலை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான் கடைசியில் சொன்னேன், நீங்கள் முதலில் சொல்லுங்கள்.